முதலாளியிடம், பாதுகாப்புக்காக

கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை பக்கத்து மேசையில் இருந்தவள். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியை இன்னும் மாற்றவில்லை என்று முதலில் அதைத்தான் சொன்னாள்.

"பிலோ அக்கா, புது ஆபீசருங்க வந்திருக்காங்க. மனிதக் கடத்தல் பத்தி ஒரு டோக் குடுக்கணும். நீங்க வந்தா நல்லா இருக்கும் லா. பதினஞ்சு நிமிஷம் போதும். சாப்பாடு இருக்கு."

இருபத்தொன்பது வருட வேலைக்குப் பதினைந்து நிமிடம் என்றால் வருடத்துக்கு அரை நிமிடம். நியாயமாகத்தான் பட்டது. என்ன சாப்பாடு என்று கேட்டேன். நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, என்றாள். வருகிறேன் என்றேன்.

போனேன், பேசினேன். திரையில் அறிகுறிப் பட்டியல் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதை ஒவ்வொன்றாக வாசித்து விளக்கினேன். புது அதிகாரிப் பிள்ளைகள் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். நான் சொல்ல நினைத்தது அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பதினைந்து நிமிடத்தில் சொல்லவும் முடியாது. சொன்னால் நாசி லெமாக் இறங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இலாகாவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. தொழிலாளர்கள் இருக்கும் இடங்களுக்குப் போய், அவர்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது என் வேலை. அது தெரிந்தால் போதும்.

நான் நிபோங் திபால் பக்கம், பைராம் தோட்டத்தில் பிறந்தவள். படித்தது, டைப்பிங் கற்றது, கிளார்க்காகச் சேர்ந்தது, பரீட்சை எழுதி ஆய்வு அதிகாரி ஆனது எல்லாம் மற்றவர்களுக்கு நடப்பதுபோலவே நடந்தது. பயிற்சி மூன்று மாதம். சட்டம் படித்தோம், படிவம் நிரப்பினோம், பிறகு மறுபடியும் சட்டம் படித்தோம். மனிதக் கடத்தல் என்ற சொல் அப்போது பாடத்தில் கிடையாது. பல வருடம் கழித்து வந்தது. வந்தபோது எல்லோரும் படகையும் காட்டையும் கண்டெய்னரையும் நினைத்துக்கொண்டோம். மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போகும் கடையில் சாம்பார் ஊற்றுகிறவரை யாரும் நினைக்கவில்லை. அவர்தான் தினமும் கண்ணெதிரே இருந்தார்.

என் மேலதிகாரி துவான் ஹம்டான். துவான் என்றால் மலாயில் ஐயா, பெண்ணாக இருந்தால் புவான். கெடா மாநிலத்துக்காரர், ஒல்லியானவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. ஆய்வுக்குப் போகும் இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பையில் பிளாஸ்க் இருக்கும். நோன்பு மாதத்திலும் அந்தப் பை வரும், பிளாஸ்க் காலியாக இருக்கும். முதலாளிமார் மைலோ, தே தாரேக் என்ற டீ, இளநீர் என்று வரிசையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்துவிட்டு, "கழிப்பறை எங்கே?" என்று கேட்பார். எந்த இடத்துக்குப் போனாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான். முதலில் நான் மனிதருக்கு ஏதோ சர்க்கரை வியாதி என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கழிப்பறைக்குப் போகிறவரை யாரும் தடுக்கமாட்டார்கள். அது எப்போதும் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கும். பார்க்க வேண்டியதும் பின்பக்கம்தான் இருக்கும்.

அங்கே போய்ப் பல்துலக்கிகளை எண்ணுவார். ஒன்பது பேர் என்று முதலாளி பட்டியல் கொடுத்திருப்பார், பல்துலக்கி பதினான்கு இருக்கும். திரும்பி வந்து எதுவும் சொல்லாமல் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் பதினான்கு என்று எழுதுவார். முதலாளிக்கு வேர்க்கும்.

தொழிலாளியிடம் பேசும்போது முதலாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் முதுகு பெரியதல்ல. ஆனாலும் மறைக்க வேண்டிய அளவுக்கு மறைக்கும். வேலை எப்படி என்று கேட்கமாட்டார். எங்கே தூங்குகிறாய் என்று கேட்பார். வேலை எப்படி என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்பார்கள், தூங்குகிற இடத்துக்கு அப்படி ஒரே பதில் சொல்ல முடியாது என்பது அவர் கணக்கு.

எனக்கு அவர் கற்றுக்கொடுத்த ஒரே பாடத்தை மலாயில் சொன்னார், தமிழில் தருகிறேன். "பார்த்ததை எழுது. கேட்டதைக் கேட்டது என்று எழுது. நினைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோ."

எங்கள் படிவத்தில் ஒரு வரி உண்டு. கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் வரி. அதற்கு இரண்டு பெட்டிகள். ஒன்று: தொழிலாளியிடம். இன்னொன்று: முதலாளியிடம், பாதுகாப்புக்காக. ஏறக்குறைய எல்லா இடத்திலும் நான் இரண்டாவது பெட்டியில்தான் குறி போட்டேன். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம் என்று பயிற்சியில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் படிவமே அதற்கு ஒரு பெட்டி கொடுத்திருந்தது. என் பேனா அந்த வரியில் ஒருநாளும் நின்றதில்லை.

இனி அந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது.

லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பெயர் வேண்டாம். முதலாளியைத் தனபாலன் என்று வைத்துக்கொள்வோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர், தமிழ்ப்பள்ளிக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர். நாற்காலியின் முதுகில் அவர் பெயர் இருக்கும். கடையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் கடை, தமிழ் ஆட்கள், தமிழ் அதிகாரி போனால் நல்லது என்று என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள்.

முறைப்படி இரண்டு வாரம் முன்னால் கடிதம் அனுப்பிவிட்டுப் போனோம். தனபாலன் வாசலிலேயே நின்றார்.

"வாங்க சிஸ்டர், வாங்க. சாப்டு அப்புறம் வேல பாக்கலாம். இன்னிக்கு நண்டு ஸ்பெஷல்."

துவான் கழிப்பறைக்குப் போனார். நான் தொழிலாளர்களை வரிசையாக நிற்க வைத்து, தனபாலன் பக்கத்தில் இருக்க, வசதியாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒன்பது பேரும் நல்லா இருக்கோம் என்றார்கள். ஒரே குரலில், பள்ளிக்கூடத்தில் வணக்கம் சொல்வதுபோல. பாஸ்போர்ட் எங்கே என்றேன். முதலாளியிடம் என்றார்கள். தனபாலன் தலையாட்டினார். நானும் தலையாட்டிவிட்டு இரண்டாவது பெட்டியில் குறி போட்டேன். மாடியில் அவர்கள் படுக்கும் அறையின் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்ததைப் பார்த்தேன். முன்பு அது சாமான் அறையாக இருந்திருக்கும் என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஆபீசுக்கு வந்ததும் துவான் என் படிவத்தை எடுத்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். 'பாதுகாப்புக்காக' என்ற சொல்லின்மேல்.

"இது பார்த்ததா, கேட்டதா?"

"கேட்டது, துவான்."

"பல்துலக்கி எத்தனை என்று நீ என்னைக் கேட்கவில்லையே."

"எத்தனை துவான்?"

"ஒன்பது. சரியாக இருக்கிறது. ஒன்பதும் நீல நிறம். ஒன்பதும் புதுசு. ஒன்றில்கூட ஈரம் இல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம் வருகிறோம் என்று யாரோ பரிசு கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் கடிதம் இல்லாமல் போ. சாயந்திரம் நாலு மணி. நான் முன்வாசலில் வருகிறேன், நீ பின்பக்கம் போ."

நாலு மணிக்குச் சாப்பாட்டுக் கடைகள் கொஞ்சம் மூச்சு வாங்கும். பின்சந்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெயர் முத்துக்கருப்பன். தோசை மாஸ்டர். மானாமதுரைப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும், முகம் ஐம்பது காட்டியது. போன வாரம் வரிசையில் நின்ற ஒன்பது பேரில் ஒருவர். நானும் பக்கத்தில் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். துவான் சொன்னபடி கேட்டேன்.

"எங்க தூங்குறீங்க தம்பி?"

"மாடியிலக்கா."

"கதவ யார் சாத்துவா?"

அவர் வெங்காயத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு சாத்துவாக. காலையில அஞ்சுக்குத் தொறப்பாக."

"நடுவுல ஏதாச்சும் ஆனா?"

"ஒண்ணும் ஆகலக்கா இதுவரைக்கும்."

எத்தனை வருடம் என்றேன். நாலரை. நடுவில் ஊருக்குப் போனாரா என்றேன். அப்போதுதான் அவர் கையை நிறுத்தினார்.

"எந்தங்கச்சி மகளுக்குக் காது குத்தணும்க்கா. நான் ஒருத்தந்தேன் தாய்மாமன். மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும்? ஒரு வயசுல குத்த வேண்டியது, நான் வரலன்னு தள்ளிப் போட்டாக. ரெண்டு வயசுல தள்ளிப் போட்டாக. இப்ப அஞ்சு முடியப் போகுது. பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைக தோடு போட்டிருக்காம், இது மட்டும் மொட்டக் காதோட போகுதாம். தங்கச்சி போன்ல அழுகுது. வைகாசியில வந்துருண்ணே, இல்லாட்டி மாமன் இல்லாமலே குத்திருவோம்னு சொல்லுது. குத்தமாட்டா. சும்மா சொல்லுறா."

"மொதலாளிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். போனா வரமாட்டேன்னு சொல்றாரு."

"வருவீங்களா?"

முத்துக்கருப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயத் தண்ணீர்தான்.

"எதுக்குக்கா வரணும்?" என்றார்.

உள்ளே போனேன். துவான் முன்வாசலில் வந்து, கழிப்பறையைக் கேட்டு, போய்வந்துவிட்டிருந்தார். நீலப் பல்துலக்கிகள் உறையோடு ஒரு டப்பாவில் அடுத்த ஆய்வுக்காகக் காத்திருந்தனவாம். தனபாலனிடம் பாஸ்போர்ட்டுகளைக் காட்டச் சொன்னோம். மனிதர் மறைக்கவே இல்லை. பெருமையாக இரும்பு மேசையின் இழுப்பறையைத் திறந்தார். மேலே முருகன் படம், உள்ளே ஒன்பது பாஸ்போர்ட். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, உறையின்மேல் ஸ்டிக்கரில் பெயர்.

"பாருங்க சிஸ்டர். எவ்ளோ பத்தரமா இருக்கு. இவனுங்க கையில குடுத்தா தண்ணியில நனைச்சிருவானுங்க. நான் நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்? மூணு வேளை சாப்பாடு, தீபாவளிக்குச் சட்ட. என்ன கொறச்சல்? நீங்களே சொல்லுங்க."

 அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட உறை. எந்தக் கடையில் வாங்கியது என்றுகூட எனக்குத் தெரியும்.

போலீசைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டுகளைப் பட்டியல் போட்டு, ஒன்பது பேரையும் அரசுக் காப்பகத்துக்கு அனுப்பி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. துவான் கார் ஓட்டினார். பட்டியலின் நகல் என் மடியில் இருந்தது. பாலம் பக்கம் போகும் சாலையில் சிவப்பு விளக்கு விழுந்தது. அங்கே சொன்னேன்.

"துவான், எங்கள் வீட்டில் ரினி இருக்கிறாள். அவள் பாஸ்போர்ட் என்னிடம்தான் இருக்கிறது."

ரினி இந்தோனேசியாக்காரி, ஜாவா. மாமியார் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வருடம் ஏஜென்சி மூலம் எடுத்தோம். மூன்று வருடமாக என் மாமியாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டு, அவர் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏஜென்சிக்காரர் அவளை ஒப்படைத்த அன்றே பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்து, "இத உங்ககிட்டயே வெச்சிக்குங்க, அவகிட்ட குடுக்காதீங்க" என்றார். அரிசி வாங்கும்போது மூட்டையை எங்கே வைப்பது என்று சொல்வதுபோல சொன்னார். நானும் வாங்கி, அதே சிவப்புக் கோடு போட்ட உறை போட்டு, அலமாரியில் என் தாலிக்கொடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் வேலைக்குப் போய் ஏதோ ஒரு தொழிற்சாலையில் அதே படிவத்தை நிரப்பியிருப்பேன். இரண்டும் ஒரே காரியம் என்று மூன்று வருடம் எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தோன்றவில்லை. நான் அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது கூடவே அழைத்துப்போய் வெளியே உட்கார வைப்பேன். அதுவும் அவளுக்கு ஒரு மாறுதல் என்றுதான் நினைத்திருந்தேன்.

பச்சை விளக்கு விழுந்தது. துவான் ஆபீசுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

"உன் வீடு கெலுகோர்தானே?" என்றார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். பின்சீட்டிலிருந்து தன் பையை எடுத்தார். பையில் பிளாஸ்க் இருந்தது. புதுப் படிவம் ஒன்றையும் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் ஆய்வு என் வீட்டில் என்று எனக்குப் புரிந்தது.

என் கணவர் சேவியர் கதவைத் திறந்தார். "ஓ, பாஸ்! வாங்க வாங்க" என்று கை கொடுத்தார். நான் சமையலறைக்கு ஓடித் தே போட்டேன். எதற்கு ஓடினேன் என்று தெரியவில்லை. ஒன்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர், என் வீட்டுக்கு முதல் தடவையாக வந்திருக்கிறார், தே கொடுக்காமல் எப்படி? நல்ல கோப்பையில், பிஸ்கட்டோடு கொண்டுவந்து வைத்தேன்.

அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் ஏதும் இல்லை.

"நன்றி, வேண்டாம். கழிப்பறை எங்கே?"

வாழ்க்கையில் எத்தனையோ அவமானம் பட்டிருக்கிறேன். அந்தத் தே ஆறிக்கொண்டிருந்ததுபோல ஒன்று இல்லை.

எங்கள் வீட்டில் கழிப்பறை இரண்டு. குளியலறையோடு சேர்ந்த ஒன்று, துணி துவைக்கும் இடத்தில் ஒன்று. அவர் எது என்று கேட்காமலே இரண்டாவதற்குப் போனார். அங்கே சுவரில் ஆணி அடித்து ஒரு பால் டின்னைக் கட்டியிருந்தாள் ரினி. அதற்குள் அவள் பல்துலக்கி. நார்கள் எல்லாம் இரண்டு பக்கமும் படுத்துவிட்ட பல்துலக்கி. மூன்று வருடத்தில் அவளுக்கு எத்தனை சட்டை வாங்கிக் கொடுத்தேன் என்று என்னால் சொல்ல முடியும். பல்துலக்கி வாங்கிக் கொடுத்த ஞாபகம் இல்லை. துவான் பென்சிலால் எதையோ எழுதினார்.

பிறகு ரினியிடம் வந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதலாளிகளுக்கு அந்த முதுகு எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்கே தூங்குகிறாய், நாக்?" என்று மலாயில் கேட்டார். பிள்ளைகளைக் கூப்பிடும் சொல் அது.

"பாட்டி கட்டிலுக்குக் கீழே, துவான். அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டும்."

"ஊருக்குப் போகக் கேட்டாயா?"

 "போன நோன்புப் பெருநாளுக்குக் கேட்டேன். அதற்கு முந்தின பெருநாளுக்கும் கேட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நான் அவளிடம் சொன்னது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. சேவியரிடம் சொன்னது வேறு. 'போனா வரமாட்டா.' முத்துக்கருப்பனின் முதலாளி சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல் கூட மாறவில்லை.

துவான் திரும்பினார். "எடுத்துக் கொடு. என்னிடம் இல்லை, அவளிடம்."

அலமாரியைத் திறந்தேன்.  உறையோடு அவள் கையில் கொடுத்தேன். ரினி அதைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னும் ஏழு மாதம் பதினொரு நாள் செல்லும், புவான்."

பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதி, மூன்று வருடம் கண்ணால் பார்க்காத தேதி. நாள் கணக்கோடு வைத்திருந்தாள். பிறகு அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். என் வீட்டில் அவளுக்கென்று மூடி போட்ட பொருள் ஒரே ஒரு பிஸ்கட் டின். அதில் வைத்தாள்.

வாசலில் காரில் ஏறும்போது துவானிடம் கேட்டேன். "இதைக் கோப்பில் சேர்க்கப் போகிறீர்களா?"

"பார்த்ததை எழுத வேண்டும்."

"எதிர்த்தரப்புக்குத் தெரிந்தால் வழக்கு போய்விடும் துவான். முத்துக்கருப்பன் கதி?"

"நாம் எழுதாவிட்டால் அவர்கள் கண்டுபிடிப்பார்கள். நாம் எழுதினால் நாமே சொன்னதாகும்." பிளாஸ்க்கைத் திறந்து, வெளியே நின்றபடி ஒரு மிடறு குடித்தார். என் வீட்டு எல்லைக்கு வெளியே, சாலையில் நின்று. அவ்வளவு தாகம் அவருக்கு.

எனக்கு எழுத்துமூலக் கண்டனம் வந்தது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. அதே நாற்காலியில்தான் ஓய்வு பெற்றேன்.

ரினி இரண்டு வாரத்தில் ஊருக்குப் போனாள். போகலாமா என்று கேட்டபோது மாமியாரை யார் பார்ப்பது என்பதுதான் முதலில் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டுப் போய் வா என்றேன். வாவுக்கு அவள் பதில் சொல்லவில்லை. அவள் போன பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் உறையை மட்டும் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அது நான் வாங்கியது.

முத்துக்கருப்பன் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. காப்பகத்தில் அவரைப் போய்ப் பார்த்தேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது, வேலை இல்லை, கதவு பூட்டியிருக்கிறது. இங்கே பூட்டு உள்ளேயா வெளியேயா என்று நான் கேட்கவில்லை.

"அக்கா, எம் பாஸ்போர்ட்டு இப்ப யாருகிட்ட இருக்கு?"

"கோர்ட்டுல இருக்கு தம்பி. வழக்குக்கு சாட்சிப் பொருள்."

"என்னத்துக்கு அங்க?"

எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. "பத்தரமா இருக்கட்டும்னு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து அன்றுதான் முதல் சிரிப்பு. "எம் பாஸ்போர்ட்டு மேல ஊருல எல்லாருக்கும் அக்கறக்கா" என்றார். அதற்குள் வைகாசி வந்து போய்விட்டது. தங்கச்சி சொன்னபடி காது குத்தவில்லை. சும்மாதான் சொல்லியிருக்கிறார்.

என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியபோது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் கண்டனக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருந்தார். இளைஞர், நல்ல கோட்டு. நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்து அதை மடித்து மடித்துக் காட்டினார்.

"உங்கள் வீட்டிலும் பணிப்பெண்ணின் கடப்பிதழை நீங்கள்தான் வைத்திருந்தீர்கள்?"

"ஆமாம்."

"எவ்வளவு காலம்?"

"மூன்று வருடம்."

"அவள் இப்போது எங்கே?"

"கடப்பிதழைக் கொடுத்தேன். ஊருக்குப் போய்விட்டாள்."

"திரும்பி வந்தாளா?"

"இல்லை."

அவர் நீதிபதியைப் பார்த்துப் புன்னகை செய்தார். "அப்படியானால் நீங்கள் பயந்தது சரிதானே? என் கட்சிக்காரரும் பாதுகாப்புக்காகத்தானே வைத்திருந்தார்?"

"பயந்தது சரிதான்" என்றேன். "பாதுகாப்பும் சரிதான். ஆனால் அது அவளுடைய பாதுகாப்புக்கு இல்லை. என்னுடைய பாதுகாப்புக்கு. அவள் போய்விட்டால் என் மாமியாரை நான் கழுவ வேண்டுமே என்று பூட்டி வைத்தேன். தொலைந்துவிடும் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. தனபாலனும் நினைத்திருக்கமாட்டார்."

வழக்கறிஞர் அடுத்த கேள்விக்குக் காகிதத்தைப் புரட்டினார். அதில் இல்லை போலும். நீதிபதி பேனாவை எடுத்து, நான் சொன்னதை மெதுவாகத் திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அந்த இரண்டு வரியைத்தான் பிறகு அரசுத் தரப்பு பிடித்துக்கொண்டது.

மனிதக் கடத்தல் என்ற பெரிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்த சின்னக் குற்றச்சாட்டு நின்றது. தனபாலன் அபராதம் கட்டினார். கடை இன்றும் நடக்கிறது, கூட்டம் குறையவில்லை. முத்துக்கருப்பனுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. விமான நிலையத்தில் அதைச் சட்டைப்பையில் வைத்து, பட்டன் போட்டு, பட்டனின்மேல் கையை வைத்துக்கொண்டே வரிசையில் நின்றார்.

நான் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். ரினி செய்த வேலையை நான் செய்தேன். அவள் எப்படிக் கட்டிலுக்குக் கீழே படுத்துத் தூங்கினாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, நான் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் போனில் படம் வந்தது. காதுகுத்துப் படம். முத்துக்கருப்பன் பட்டுத்துண்டு போட்டுப் பாயில் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் தங்கச்சி மகள். மடியில் உட்கார வைக்கிற வயதைத் தாண்டிவிட்ட பிள்ளை, அவள் தலை மாமன் முகத்தைப் பாதி மறைக்கிறது, இரண்டு காலும் பாயைத் தாண்டித் தரையில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் அழவில்லை. அவர்தான் அழுகிறார். இந்தத் தடவை வெங்காயம் இல்லை. எனக்கும் அழுகை வந்தது.

மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே படத்தைச் சேவியரிடம் காட்டினேன். நல்ல மனிதர்தான் அவர். முப்பது வருடமாக என்னோடு இருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், அந்தப் பெண்ணின் காதைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"இவரு எவ்ளோ நன்றியோட போட்டோ அனுப்புறாரு பாரு. ரினி ஒரு மெசேஜ்கூடப் போடல. அவள நாம நல்லாத்தானே பாத்துக்கிட்டோம் பிலோ?"

தனபாலனும் இதையேதான் கேட்டார். அடுத்த கரண்டிக் கஞ்சியை மாமியார் வாயில் வைத்தேன்.